விரக்தியன்று, இக்கட்டு

நம் இலக்கியக் கட்டுரைகளில் 'குவாண்டம்' என்ற சொல் பெரும்பாலும் ஊதுவத்தியின் வேலையைச் செய்துவருகிறது. வாதம் தளர்கிற இடத்தில் அதை ஏற்றி வைக்கிறார்கள், புகை சூழ்கிறது, வாசகர் கண்ணை மூடிக்கொள்கிறார். கவிதையின் பன்முகப் பொருளுக்குக் குவாண்டம், கதையின் நிச்சயமின்மைக்குக் குவாண்டம், அத்வைதத்துக்கும் அதுவே. எந்தத் துகள், எந்தச் சோதனை, எந்த ஆண்டு என்று கேட்டால் அங்கே விடை இராது.

ஃபிரிட்ஜாஃப் காப்ரா 1975இல் எழுதிய 'இயற்பியலின் தாவோ' இதற்கு ஒரு வழி திறந்துவிட்டது. 2004இல் ஜெனிவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில், இந்தியா வழங்கிய நடராசர் சிலை நிறுவப்பட்ட பின்பு அந்த வழி நெடுஞ்சாலையாகிவிட்டது. சிலையோடு எனக்கு எந்தப் பிணக்கும் இல்லை. அந்த நூலையும் ஆர்வத்துடன் படித்திருக்கிறேன். என் மனக்குறை வேறு. பொருளை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். அதனால் பொருளும் நமக்குக் கிடைப்பதில்லை. சொல்லும் நாளடைவில் தேய்ந்துபோகிறது.

இதற்கு மாற்றாக ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அதன் அருகில் சற்று நேரம் நின்று பார்க்கலாம் என்பது இக்கட்டுரையின் நோக்கம். ஒன்றுக்கொன்று ஒத்துப்போக முடியாத காந்த உறவுகள் அமைந்த உலோகங்களில், தனிச்சுழி வெப்பநிலையை ஒட்டி நிகழும் குவாண்டம் நிலைமாற்றம் என்பதே அந்தப் பொருள். தலைப்பு அச்சுறுத்துவதாகத் தோன்றலாம். நான் இயற்பியல் படித்தவன் அல்லன். தமிழ் முதுகலை பயின்று கல்லூரியில் தமிழ் கற்பிப்பவன். ஆயினும் இந்தப் பொருளின் சாரம் தமிழுக்குள் வரக்கூடியது என்றும், அதற்கான நல்ல சொற்கள் நம் வீட்டு வாசலிலும் கூடை முடைவோரின் கையிலும் இருக்கின்றன என்றும் எனக்குத் தோன்றுகிறது. அவற்றைத் தேடாமல் அகராதியிலிருந்து தவறான சொல்லை எடுத்து ஒட்டுகிறோம் என்பதே என் வாதம்.

*

முதலில் இடத்தைப் பற்றிச் சில வரிகள். மயிலாப்பூர் லஸ் பகுதியிலிருந்த 'ஏகாம்ர நிவாஸ்' அரசியலமைப்பு வரைவுக் குழுவில் இடம்பெற்ற அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் இல்லம். அவருடைய மகன் அல்லாடி ராமகிருஷ்ணன் 1950களின் இறுதியில் அந்த வீட்டிலேயே கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்குகளை நடத்தினார். ஆய்வு மாணவர் சிலரும், உலகின் பல பகுதிகளிலிருந்து வந்த அறிஞர்களும் அங்கே கூடினர். 1960இல் நீல்ஸ் போர் சென்னைக்கு வந்தபோது இம்மாணவர் குழுவைக் கண்டு பாராட்டினார். அந்தப் பாராட்டு நேருவின் செவிக்கு எட்டியது. அப்போது மாநில அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியத்தின் முயற்சியும் சேர்ந்தது. 1962 ஜனவரி 3 அன்று கணித அறிவியல் நிறுவனம் மாநிலக் கல்லூரியில் தொடங்கிவைக்கப்பட்டது. தொடங்கிவைத்தவர் அதே கல்லூரியின் பழைய மாணவரான சுப்பிரமணியன் சந்திரசேகர்.

அந்நிறுவனம் இன்று தரமணியில் இருக்கிறது. அதே வட்டாரத்தில், சில நிமிட நடைத் தொலைவில், உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இருக்கின்றன. மூன்றுக்கும் அஞ்சல் குறியீட்டு எண் ஒன்றே, 600113. தொல்காப்பிய உரைகளைத் தேடிச் செல்பவரும், அணுக்களின் காந்தச் சுழற்சியைக் கணக்கிடச் செல்பவரும் ஒரே நிறுத்தத்தில் இறங்கி ஒரே கடையில் தேநீர் அருந்தக்கூடிய நெருக்கம் இது. ஆனால் ஒரு பக்கத்தில் நடப்பது மறுபக்கத்தின் எழுத்தில் அநேகமாகப் பதிவாவதே இல்லை. மயிலாப்பூரின் ஒரு வீட்டில் தொடங்கிய அறிவு மரபு தமிழ் உரைநடைக்குள் வரவில்லை என்பதை இழப்பு என்றே நான் கருதுகிறேன்.

*

இனிப் பொருளுக்கு வருவோம். சில பொருள்களில் ஒவ்வோர் அணுவும் ஒரு சிறு காந்தம் போல நடந்துகொள்கிறது. அதற்கு ஒரு திசை உண்டு, அம்புக்குறியாக எண்ணிக்கொள்ளலாம். பக்கத்துப் பக்கத்து அம்புகள் ஒரே திசையை நோக்க விரும்பினால் நாம் அறிந்த இரும்புக் காந்தம் உருவாகிறது. வேறு சில பொருள்களிலோ அண்டை அம்புகள் ஒன்றுக்கொன்று நேரெதிராக நிற்கவே விரும்புகின்றன. எதிர்க்காந்தம் என்று இதைச் சொல்லலாம்.

மார்கழியில் மாட வீதிகளில் நடப்பவர்கள் இருவகைப் புள்ளிக் கோலங்களைக் கண்டிருப்பார்கள். வரிசைக்கு நேர் கீழே வரிசையாகப் புள்ளி வைப்பது நேர்ப்புள்ளி. மேல்வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு இடைப்பட்ட இடத்தில் கீழ்வரிசையின் புள்ளியை வைப்பது இடுக்குப்புள்ளி. ஊடுபுள்ளி என்பாரும் உண்டு. இப்போது ஒரு விதி வகுத்துக்கொள்வோம்: அடுத்தடுத்த புள்ளிகள் ஒரே நிறத்தில் இருக்கக்கூடாது, கைவசம் உள்ளவை வெண்மையும் செம்மையும் மட்டுமே. நேர்ப்புள்ளியில் இது எளிது. சதுரங்கப் பலகை போல மாறி மாறி வைத்துக்கொண்டே போகலாம். தெரு முழுவதும் போனாலும் விதி மீறப்படாது.

இடுக்குப்புள்ளியில் மூன்றாவது புள்ளியிலேயே கை நின்றுவிடும். முக்கோணத்தின் ஒரு முனை வெள்ளை, மற்றொரு முனை சிவப்பு. மூன்றாவது எதுவாக இருந்தாலும் ஏதேனும் ஓர் அண்டையோடு நிறம் ஒத்துப்போய்விடும். வைப்பவர் திறமையில் குறை ஒன்றும் இல்லை. புள்ளிகள் அமைந்த விதமே எல்லா விதிகளையும் ஒருசேர நிறைவேற்ற இடம்கொடுக்கவில்லை. எதிர்க்காந்த அணுக்கள் முக்கோணங்களாக அமையும் படிகங்களில் நேர்வது இதுதான்.

இதன் விளைவு என்ன? 1950இல் கிரிகோரி வானியர் இத்தகைய முக்கோண அமைப்பைக் கணக்கிட்டுப் பார்த்தார். அம்புகள் மேல் அல்லது கீழ் என்று மட்டுமே நிற்க முடியும் என்று கொண்டால், வெப்பம் முழுவதையும் நீக்கிய பின்பும் அந்தக் காந்தம் ஒரே ஒழுங்கில் உறைவதில்லை. சம அளவில் நிறைவும் சம அளவில் குறைவும் உடைய எண்ணற்ற அமைப்புகள் அதற்குத் திறந்தே இருக்கின்றன. அம்புகள் எத்திசையிலும் திரும்பலாம் என்று விட்டுவிட்டால், 120 பாகை இடைவெளியில் மூன்றும் விலகி நின்று ஒரு சமரசத்துக்கு வரக்கூடும். ஆனால் முக்கோணங்கள் பக்கங்களைப் பகிராமல் முனைகளை மட்டும் பகிர்ந்துகொள்ளும் அமைப்புகளில் அந்தச் சமரசமும் எளிதில் நிலைபெறுவதில்லை.

இந்த நிலைமைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் 'ஃப்ரஸ்ட்ரேஷன்'. 1977இல் பிரெஞ்சு இயற்பியலாளர் ஜெரார் துலூஸின் கட்டுரை அதை ஒரு கலைச்சொல்லாக நிலைநிறுத்தியது. தமிழில் இதை 'விரக்தி' என்று மாற்றும் பழக்கத்தைக் காண்கிறேன். அகராதியைப் புரட்டினால் கிடைக்கும் சொல் அதுதான். ஆனால் விரக்தி என்பது பற்று அற்றுப்போவது. இன்றைய வழக்கில் மனம் சலித்து ஒதுங்கிவிடுவது. இந்தக் காந்தம் எதிலிருந்தும் ஒதுங்கவில்லை. அதன் ஒவ்வோர் அணுவும் அண்டையோடு கொண்ட உறவில் முழு வலிமையோடு ஈடுபட்டிருக்கிறது. ஈடுபாடு மிகுதியாக இருப்பதே அதன் சங்கடம். விரக்தி என்று பெயரிட்ட கணத்திலேயே பொருளைத் தலைகீழாக்கிவிடுகிறோம்.

நாம் அன்றாடம் பேசும் 'இக்கட்டு' என்ற சொல் இங்கே மிகப் பொருந்தும். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பக்கத்துக்குக் குறை வைக்க நேரும் நிலையைத்தான் இக்கட்டில் மாட்டிக்கொண்டதாகச் சொல்கிறோம். இருதலைக் கொள்ளி எறும்பு என்ற வழக்கும் இதற்கு உறவுடையதே. 'காந்த இக்கட்டு' என்று சொன்னால் மாணவர் ஒருவருக்கு முக்கோணத்தின் மூன்றாவது புள்ளி உடனே கண்முன் வரும். 'காந்த விரக்தி' என்றால் அவருக்கு எதுவும் தோன்றாது. மனப்பாடம் செய்ய வேண்டியதாகிவிடும்.

இன்னொரு சொல்லையும் பார்ப்போம். முக்கோணங்கள் முனைகளால் இணைந்து நடுவில் அறுகோணத் திறப்புகள் விடும் அமைப்புக்கு உலகெங்கும் 'ககோமே' என்று பெயர். 1951இல் ஜப்பானிய இயற்பியலாளர் இதிரோ ஸ்யோஜியின் கட்டுரையால் அறிமுகமான பெயர் இது. ஜப்பானில் மூங்கில் கூடை முடைவோரின் பின்னலைக் குறிக்கும் சாதாரணச் சொல். 'ககோ' என்றால் கூடை, 'மே' என்றால் கண். தமிழிலும் நாம் வலைக்கண், சல்லடைக்கண் என்கிறோம். ஆகவே 'கூடைக்கண்' என்று சொன்னால் மொழிபெயர்ப்பு என்ற உணர்வே இல்லாமல் சொல் வந்து பொருந்துகிறது. ஜப்பானியர் கைத்தொழிலின் சொல்லை ஆய்வுக்கட்டுரையில் வைக்கக் கூச்சப்படவில்லை; உலகமும் அதை ஏற்றுக்கொண்டது. நம் கலைச்சொல்லாக்கமோ செந்தமிழ் வேர்ச்சொற்களைத் தேடிக்கொண்டு கூடைக்காரர் இருக்கும் தெருவைக் கடந்துபோய்விடுகிறது.

*

நிலைமாற்றம் என்பது நமக்குப் பழகியது. பனிக்கட்டி நீராகிறது, நீர் ஆவியாகிறது, மாற்றுவது வெப்பம். வெப்பத்தை முழுவதும் அகற்றிவிட்டால், அதாவது கழித்தல் 273.15 பாகை செல்சியஸ் என்ற தனிச்சுழிக்குச் சென்றுவிட்டால், எல்லா அசைவும் நின்று எல்லாம் உறைந்துவிட வேண்டும் என்றுதான் எதிர்பார்ப்போம். குவாண்டம் விதிகள் அதை அனுமதிப்பதில்லை. நுண்பொருள்களுக்கு முழு ஓய்வு கிடையாது. ஹீலியம் இதற்குச் சான்று: சாதாரண வளி அழுத்தத்தில் அதை எவ்வளவு குளிர்வித்தாலும் திரவமாகவே இருக்கும், திடமாக்க ஏறத்தாழ 25 மடங்கு அழுத்தம் தேவை. அங்கே நிலையை மாற்றுவது வெப்பம் அன்று, அழுத்தம். இவ்வாறு தனிச்சுழியில் அழுத்தத்தாலோ காந்தப்புலத்தாலோ கலவையின் விகிதத்தாலோ ஒரு பொருள் தன் ஒழுங்கை மாற்றிக்கொள்வதே குவாண்டம் நிலைமாற்றம். தனிச்சுழியை யாரும் முற்றாக எட்ட முடியாதுதான். ஆனால் அந்த மாற்றத்தின் தடயம் அதற்கு மேலுள்ள வெப்பநிலைகளிலும் விரிந்து தெரிகிறது. மின்தடையும் வெப்ப ஏற்புத்திறனும் வழக்கத்துக்கு மாறாக நடந்துகொள்கின்றன.

உலோகத்துக்கு வரும்போது கதை மேலும் செறிவாகிறது. சீரியம், இட்டெர்பியம் போன்ற அருமண் தனிமங்கள் கலந்த உலோகங்களில் எலக்ட்ரான்கள் இரு வகை. ஒரு வகை தத்தம் அணுவை விட்டு நகராமல் காந்த அம்பாக நிற்கிறது. மறு வகை படிகம் எங்கும் திரிகிறது. திரியும் எலக்ட்ரான்கள் ஓர் அம்பின் செய்தியை மற்றோர் அம்புக்குக் கொண்டுசெல்கின்றன; அதனால் அம்புகள் ஒழுங்கில் நிற்கத் தூண்டப்படுகின்றன. அதே எலக்ட்ரான்கள் இன்னொரு வேலையையும் செய்கின்றன. ஓர் அம்பைச் சூழ்ந்துகொண்டு அதன் காந்தத் தன்மையையே ஈடுகட்டி இல்லாமல் ஆக்குகின்றன. பொன்னைக் குளிர்விக்கும்போது ஒரு கட்டத்துக்குப் பின் மின்தடை குறையாமல் கூடுவதை 1934இல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் கண்டனர். பொன்னில் சிறிதளவே கலந்திருந்த காந்த அணுக்களே காரணம் என்பதை 1964இல் ஜுன் கொண்டோ விளக்கினார். இந்தச் சூழ்ந்து அடக்கும் செயல் அவர் பெயராலேயே வழங்குகிறது. தூது சென்றவரே தலைவியைத் தன்னோடு அழைத்துக்கொண்டு போய்விடுவது போன்ற நிலைமை.

இந்த இரு வேலைகளுக்கும் இடையிலான இழுபறியை 1977இல் செபாஸ்டியன் டோனியாக் ஒரு படமாக வரைந்தார். தூது வென்றால் உலோகம் காந்த ஒழுங்கு பெறும். அடக்குதல் வென்றால் காந்தம் மறைந்து, எலக்ட்ரான்கள் இயல்பைவிட நூறு மடங்கும் ஆயிரம் மடங்கும் கனத்தவை போல நடந்துகொள்ளும். இரண்டுக்கும் எல்லையில் ஒரு புள்ளி. அதுவே குவாண்டம் நிலைமாற்றப் புள்ளி. நெடுங்காலம் இந்த ஒற்றைக் கோட்டிலேயே எல்லாம் விளக்கப்பட்டது.

காந்த இக்கட்டு இங்கே மூன்றாவது தரப்பாக நுழைகிறது. அம்புகள் இடுக்குப்புள்ளியிலோ கூடைக்கண்ணிலோ அமைந்திருந்தால், தூது ஒழுங்காக வந்து சேர்ந்தும் அவற்றால் ஒழுங்குபெற முடிவதில்லை. அதே நேரத்தில் அவை அடக்கப்படவும் இல்லை. அப்படியானால் அவை என்னவாக இருக்கின்றன? 2003இல் செந்தில், சுபிர் சச்தேவ், மத்தியாஸ் வோய்தா ஆகியோர் ஒரு விடை முன்வைத்தனர். அம்புகள் தமக்குள் இணைந்து உறையாத ஒரு காந்தத் திரவமாகிவிடலாம். திரியும் எலக்ட்ரான்கள் அவற்றைத் தொடாமல் தம்போக்கில் மின்சாரம் கடத்தலாம். ஒரே படிகத்துக்குள் இரண்டு குடித்தனங்கள். பின்னர் சிமியாவ் சி, பியர்ஸ் கோல்மன் போன்றோர் இக்கட்டை ஓர் அச்சாகவும் அடக்குதலை மற்றோர் அச்சாகவும் கொண்டு, கோட்டுக்குப் பதிலாக ஒரு பரப்பையே வரைந்தனர்.

இது தாளில் மட்டும் உள்ள கற்பனை அன்று. சீரியம், பல்லேடியம், அலுமினியம் மூன்றும் சம விகிதத்தில் சேர்ந்த ஓர் உலோகச் சேர்மத்தில், சீரியம் அணுக்கள் சற்றே கோணிய கூடைக்கண் அமைப்பில் இருக்கின்றன. தனிச்சுழிக்கு மேல் 2.7 கெல்வினுக்குக் குளிர்வித்தால் அங்கே காந்த ஒழுங்கு வருகிறது. ஆனால் எல்லா அணுக்களுக்கும் அன்று. மூன்றில் இரண்டு பங்கு ஒழுங்கில் நிற்கும். மூன்றில் ஒரு பங்கு ஒழுங்கற்றே இருக்கும். மூவரில் ஒருவர் விலகி நிற்க, மற்ற இருவருக்கும் இணக்கம் ஏற்படுகிறது. அழுத்தத்தாலும் காந்தப்புலத்தாலும் இந்த ஒழுங்கைக் குலைத்துப் பார்த்தவர்கள் 2019இல் வெளியிட்ட முடிவு வியப்புக்குரியது. வழக்கமாக ஒரு புள்ளியில் மட்டும் காணப்படும் நிலைமாற்ற நடத்தை, இங்கே ஒரு பகுதி முழுவதும் பரந்து கிடந்தது. எல்லைக்கோடு என்று நினைத்த இடத்தில் ஒரு நாடே இருந்தது போல.

இந்தச் சிந்தனையில் நம்மவர் பங்கு சிறியதன்று. முக்கோண அமைப்பில் அம்புகள் இணையிணையாகச் சேர்ந்து, அந்த இணைகளும் ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கலாம் என்று 1973இல் பிலிப் ஆண்டர்சன் முன்மொழிந்தார். உடனிசைவு இணைதிறன் பிணைப்பு என்று இதைச் சொல்லலாம். 1987 ஜனவரியில் பெங்களூரில், இதே அருமண் உலோகங்கள் பற்றிய பன்னாட்டு மாநாடு நடந்தது. முந்தைய ஆண்டு கண்டறியப்பட்ட செம்பு ஆக்சைடு மீக்கடத்திகளுக்கும் தம் கருத்து பொருந்தும் என்று ஆண்டர்சன் அங்கேதான் பேசினார். அதைக் கணித உருவில் வளர்த்த முதல் கட்டுரைகளுள் ஒன்றை அவ்வாண்டே கணபதி பாஸ்கரன், ஸோ, ஆண்டர்சன் மூவரும் எழுதினர். பின்னர்ச் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றியவர் பாஸ்கரன். 2007இல் அவரும் சப்தர்ஷி மண்டல், ஆர். சங்கர் ஆகியோரும் தரமணியிலிருந்து எழுதிய கட்டுரை, தேன்கூட்டு அமைப்பிலுள்ள கிடாயெவ் மாதிரியைப் பற்றியது. அங்கே முக்கோணம் இல்லை. ஒவ்வோர் அணுவின் மூன்று பிணைப்புகளும் மூன்று வெவ்வேறு திசைகளைக் கோருவதால் இக்கட்டு பிறக்கிறது. அதில் அம்பின் அசைவு எவ்வாறு துண்டுகளாகப் பிரிகிறது என்பதை அவர்கள் தோராயம் இன்றிக் கணக்கிட்டுக் காட்டினர்.

சோதனைப் பக்கத்திலும் ஒரு செய்தி உண்டு. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் இ. வி. சம்பத்குமாரனும் உடன் ஆய்வாளர்களும் 1990களின் இறுதியில் கடோலினியம், பல்லேடியம், சிலிக்கன் சேர்ந்த ஒரு முக்கோண அமைப்பு உலோகத்தில் விந்தையான மின்தடை நடத்தையைப் பதிவுசெய்தனர். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின், 2019இல், அதே உலோகத்தில் காந்த அம்புகள் சிறு சுழல்களாகத் திரண்டு வரிசை கட்டி நிற்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் அறிவித்தனர். பயன் கேட்காமல் கவனித்துப் பதிந்துவைத்த ஒன்று பின்னால் வந்தவர்களுக்குக் கைகொடுத்தது.

*

மேலே நானும் கோலம், தூது என்று உவமைகளைப் பயன்படுத்தியிருக்கிறேன். அப்படியிருக்க, நடராசரைக் குறிப்பிடுவோரிடம் மட்டும் ஏன் குறை காண்கிறாய் என்று வாசகர் கேட்கக்கூடும். விடை நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. தொல்காப்பிய உவமவியல் உவமைக்கு வினை, பயன், மெய், உரு என்று நான்கு அடிப்படைகளை வகுக்கிறது. எந்த அடிப்படையில் இரண்டு பொருள்கள் ஒக்கின்றன என்று கேட்டுவிட்டால் உவமையின் எல்லையும் தெரிந்துவிடும். கோலம் இக்காந்தத்துக்கு மெய் உவமை; அதாவது வடிவம் ஒக்கிறது. புள்ளிகளுக்கிடையே எந்த விசையும் இல்லை என்பதால் வினை ஒக்கவில்லை. தூது வினை உவமை. செயல் ஒக்கிறது, ஆனால் எலக்ட்ரானுக்கு நெஞ்சமும் இல்லை, நாணமும் இல்லை. ஒப்பு முடியும் இடத்தில் உவமையை இறக்கிவைத்துவிட்டுப் பொருளோடு தொடர்ந்து நடக்கலாம். பிரபஞ்ச நடனம் என்ற உவமையில் எது ஆடுகிறது, எப்படி ஆடுகிறது என்ற கேள்வியே எழுப்பப்படுவதில்லை. அது பொருளின் இடத்தைத் தானே எடுத்துக்கொள்கிறது. இலக்கியம் படித்தவர்கள் அறிவியலுக்குத் தரக்கூடிய பயனுள்ள கொடை இந்த எல்லை உணர்வுதான். நாமோ அதைத் தவிர மற்றெல்லாவற்றையும் தந்துகொண்டிருக்கிறோம்.

இதே காரணத்தால், இடுக்குப்புள்ளி வைத்த நம் பாட்டிமார்கள் குவாண்டம் இயற்பியலை அறிந்திருந்தார்கள் என்று யாரேனும் நாளை எழுதினால் அதையும் நான் ஏற்கமாட்டேன். அவர்கள் கோலம் அறிந்திருந்தார்கள். அதுவே போதிய பெருமை. அவர்களிடமிருந்து நாம் பெறுவது ஒரு வடிவமும் ஒரு சொல்லும். கண்டுபிடிப்பின் உரிமை வானியருக்கும் ஆண்டர்சனுக்கும் பாஸ்கரனுக்கும் உரியதாகவே இருக்கட்டும்.

இதையெல்லாம் தமிழில் எழுதி என்ன ஆகப்போகிறது, ஆய்வாளர்கள் ஆங்கிலத்திலேயே எழுதிக்கொள்கிறார்களே என்ற கேள்வி வலுவானது. ஆய்வுக்கட்டுரை தமிழில் வரவேண்டும் என்று நான் கேட்கவில்லை. உலக ஆய்வுக்கு ஒரு பொதுமொழி தேவை என்பதில் ஐயமில்லை. என் கவலை தமிழ்வழியில் மேல்நிலை வரை இயற்பியல் படிக்கும் பிள்ளையைப் பற்றியது. அவருக்குத் தமிழில் கிடைப்பது பாடநூலும் வினாவிடையும் மட்டுமே. ஒரு பொருளை முன்வைத்து ஐயுற்று, மறுத்து, வியந்து பேசும் உரைநடை அவர் துறையில் அவருக்குக் கிடைப்பதில்லை. ஆகவே தமிழ் தேர்வுக்குரிய மொழி என்றும், சிந்திப்பதற்கு வேறொரு மொழி வேண்டும் என்றும் அவர் முடிவுசெய்கிறார். அந்த முடிவை அவர் எடுப்பதற்குக் காரணம் நம்முடைய மௌனம். கவிதைக்கு நாற்பது பக்கம் ஒதுக்கும் சிற்றிதழ் இதற்கு நான்கு பக்கம் ஒதுக்கியிருந்தால் அவர் வேறு விதமாக எண்ணியிருக்கக்கூடும்.

முன்னோடிகள் இல்லாமலும் இல்லை. வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் (1898–1961), ராமனுடன் ஒளிச்சிதறல் ஆய்வில் பங்குகொண்ட பின் டாக்காவில் படிகங்களின் காந்தப் பண்பை அளப்பதில் வழிகாட்டியாக விளங்கினார். தமிழிலக்கியத்திலும் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டிருந்தார். பெ. நா. அப்புஸ்வாமி (1891–1986) வழக்கறிஞராக இருந்துகொண்டே அரை நூற்றாண்டுக்கும் மேல் தமிழில் அறிவியல் எழுதினார். பெரியசாமித் தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை வெளிவந்த கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகள் நம் நூலகங்களில் இருக்கின்றன. பின்னர் சுஜாதா வெகுசன இதழ்களில் இந்தப் பணியை எடுத்துக்கொண்டார். அவர்களெல்லாம் பொருளை அறிந்து எழுதியவர்கள். அப்பணியைத் தொடரும் பொறுப்பைச் சிற்றிதழ்ச் சூழல் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதே என் முறையீடு.

பல கல்லூரிகளின் தமிழ்ப் பாடத்திட்டத்தில் 'அறிவியல் தமிழ்' என்றொரு தாள் உண்டு. அதில் கலைச்சொல்லாக்கத்தின் வகைகளைப் பட்டியலிடக் கேட்கிறோம், மாணவரும் பட்டியலிடுகிறார், மதிப்பெண் இடுகிறோம். ஒரு பருவத்துக்கு மட்டுமாவது இதை மாற்றிப் பார்க்கலாம். ஒவ்வொரு மாணவரும் ஓர் ஆய்வாளரைச் சந்தித்து, அவர் செய்யும் வேலையை அவருக்கே புரியும்படி நான்கு பக்கத் தமிழில் எழுதி, அவரிடமே படித்துக்காட்டித் திருத்திவரட்டும். எந்தச் சொல் தங்கும், எது உதிரும் என்பது அந்த மேசையிலேயே தெரிந்துவிடும். 'இக்கட்டு' அங்கே உதிர்ந்து வேறொரு சொல் வந்தாலும் எனக்கு வருத்தமில்லை. சென்னையில் உள்ளவர்கள் தரமணியிலிருந்தே தொடங்கலாம். உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் வாயிலிலிருந்து கணித அறிவியல் நிறுவனத்துக்கு நடந்தே போய்விடலாம்.